ஒரு வீட்டுக்கு எத்தனை திறப்பு?

முன்பு ஒரு கமக்காரக் குடும்பத்தின் திறப்புகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, துவிச்சக்கரவண்டித் திறப்பு, நீரிறைக்கும் இயந்திரம் இருக்கும் கொட்டிலின் திறப்பு. இவை ஒரு கயிற்றில் கோர்க்கப்பட்டுச் சுவர் ஆணியில் தொங்கும். ஒன்று தொலைந்தால் பூட்டை உடைத்து வேறு பூட்டுப் போடலாம்.

இன்று அதே குடும்பத்திடம் கண்ணுக்குத் தெரியாத திறப்புகள் பல சேர்ந்துவிட்டன. கைத்தொலைபேசியைத் திறக்க ஓர் இலக்கம், ஏ.ரி.எம். அட்டைக்கு நான்கு இலக்கம், வங்கிச் செயலிக்கு ஒரு கடவுச்சொல், கூகிள் கணக்கிற்கு ஒன்று, முகநூலுக்கு ஒன்று, பிள்ளையின் இணைய வகுப்பிற்கு ஒன்று, வேலைக்கு விண்ணப்பித்த தளத்திற்கு ஒன்று என அவை நீண்டு செல்கின்றன. ஒரே தொலைபேசியை மூவர் பாவிக்கும் வீடுகளும் உண்டு. ஒருவரின் கணக்கு மூன்று தொலைபேசிகளில் திறந்து கிடக்கும் வீடுகளும் உண்டு. போட்ட சொல் மறந்துவிடுகிறது. புதிதாகப் போட்டால், "பழைய சொல்லை மீண்டும் போடக் கூடாது" என்று இயந்திரம் மறுக்கிறது. சில தடவை பிழைத்தால் கணக்கே பூட்டப்படுகிறது. "இந்தக் கரைச்சல் எங்களுக்கு வேண்டாம்" என்று பலர் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஆயினும் இதனை விட்டு விலகியிருக்கவும் முடியாது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்கிற்கே வருகிறது. நெற்செய்கைக்கான உர மானியப் பணமும் வங்கிக் கணக்கிலேயே இடப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்பினால் அதன் செய்தி தொலைபேசிக்கு வருகிறது. ஆகவே திறப்பைத் தொலைத்தவர் தமது சொந்தப் பணத்தின் வாசலிலேயே நிற்க வேண்டியவராகிறார்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. எல்லாத் திறப்புகளையும் மனதில் சுமக்க வேண்டியதில்லை. தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் என்னும் இரண்டு தலைத்திறப்புகளைக் கவனமாகக் காத்து, ஏனையவற்றை ஒழுங்காக எழுதி வைத்தால் போதும்.

இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது?

கணனியில் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தோன்றியது. அங்கு பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில், ஒரே கணனியைப் பலர் பங்கிட்டுப் பாவிக்கும் முறை அமைக்கப்பட்டது. ஒருவரின் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்கவே ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் கொடுக்கப்பட்டது. 1962 இல் அங்கிருந்த அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பினையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். திறப்பு பிறந்த உடனேயே திறப்புக் களவும் பிறந்துவிட்டது எனலாம்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் கலக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கட்டளைகள் எம்மை வாட்டுகின்றன. இவற்றிற்குப் பெரிதும் காரணமாயிருந்தது, அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகத்தில் பில் பர் என்பவர் 2003 இல் எழுதிய ஒரு வழிகாட்டி. உலகெங்குமுள்ள நிறுவனங்கள் அதனைப் பின்பற்றின. ஆனால் மனிதர் நடந்துகொண்ட விதம் வேறாக இருந்தது. மாற்றச் சொன்னபோதெல்லாம் பழைய சொல்லின் கடைசியில் 1 ஐ எடுத்துவிட்டு 2 ஐப் போட்டார்கள். தாம் எழுதியவற்றிற் பெரும்பகுதியையிட்டு இப்போது வருந்துவதாகப் பர் 2017 இல் வெளிப்படையாகக் கூறினார்.

அதே ஆண்டில் அந்நிறுவகம் தன் வழிகாட்டியை மாற்றியது. களவு போனதற்கு அடையாளம் இல்லாதவரை கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், குறியீடுகளைக் கலப்பதைவிட நீளமே முக்கியம் என்பன புதிய அறிவுரைகள். கடவுச்சொல்லை மட்டும் நம்பியிருக்கும் கணக்கிற்கு அது குறைந்தது 15 எழுத்துக்களாவது இருக்க வேண்டும் என 2025 இல் வெளிவந்த புதிய பதிப்பு கூறுகிறது. எனவே சலிப்புற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனித ஞாபகத்திற்கு ஒவ்வாத முறையொன்று அவர்கள்மீது சுமத்தப்பட்டது என்பதே உண்மை.

நான்கு இலக்கம் போதும் என்கிறார்களே?

"ஏ.ரி.எம். அட்டைக்கு நான்கு இலக்கம் போதுமென்றால், இணையக் கணக்கிற்கு ஏன் பதினைந்து எழுத்து?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

நான்கு இலக்கங்களால் 0000 முதல் 9999 வரை 10,000 வகைகள் மட்டுமே உண்டு. ஆனால் களவெடுப்பவரிடம் உங்கள் அட்டை இருக்க வேண்டும். இயந்திரத்தின் முன்னே வந்து நிற்கவும் வேண்டும். சில தடவைகள் பிழையாக அழுத்தினால் அட்டை முடக்கப்படும். ஆகவே 10,000 வகைகளையும் முயன்று பார்க்க அவருக்கு இடமில்லை.

இணையக் கணக்கின் நிலை வேறு. ஒரு நிறுவனத்தின் கணனியிலிருந்து கடவுச்சொற் பட்டியல் திருடப்பட்டால், திருடியவர் அதைத் தம் வீட்டில் வைத்து ஆறுதலாக உடைக்கலாம். சொற்கள் உருமாற்றி வைக்கப்பட்டிருந்தாலும், இயந்திரத்தால் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பார். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கள் எட்டினால் ஆகும் வகைகள் ஏறக்குறைய 20,900 கோடி. வினாடிக்கு 100 கோடி தடவை முயலும் இயந்திரம் இவை யாவற்றையும் நான்கு நிமிடங்களுக்குள் பார்த்து முடித்துவிடும். எழுந்தபடி போட்ட எழுத்துக்கள் பதினைந்து என்றால், அதே இயந்திரத்திற்கு 50,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். வேலியில் ஒவ்வொரு கதியாலையும் உயர்த்துவதிலும் பார்க்க வேலியை நீட்டுவதே இங்கு பயன் தருகிறது.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறப்பு ஆகாதா?

ஞாபகத்திற்கு இலகுவென்று பலர் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுகின்றனர். தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் என்பன அதிகம் பாவிக்கப்படுகின்றன. இவற்றை அயலவர் கூட ஊகிக்கலாம்.

2009 இல் ரொக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சத்திற்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவற்றுள் மிக அதிகமானோர் போட்டிருந்தது 123456 என்பதாகும். இவ்வாறு திருடப்படும் பட்டியல்கள் கைமாறுகின்றன. ஓரிடத்தில் கிடைத்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, வேறு நூறு இடங்களில் இயந்திரம் மூலம் போட்டுப் பார்க்கிறார்கள். பாட்டுக் கேட்கும் தளமொன்றில் நீங்கள் போட்ட சொல்லே வங்கிக்கும் போட்டிருந்தால், பாட்டுத் தளத்தின் கவலையீனம் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்துவிடும்.

இதற்காக நாற்பது கடினமான சொற்கள் தேவையில்லை. மின்னஞ்சல், வங்கி, தொலைபேசித் திரைப்பூட்டு ஆகிய மூன்றிற்கும் வெவ்வேறு திறப்புகள் கட்டாயம் வேண்டும். மின்னஞ்சலுக்கு உரியது நீளமாகவும் இருக்க வேண்டும். பணமோ சொந்த விபரமோ இல்லாத சில்லறைக் கணக்குகளுக்காக மனதை வருத்த வேண்டாம். அவற்றின் சொல் மறந்தால் மின்னஞ்சல் மூலம் புதிது பெறலாம்.

நீளமான சொல்லை எப்படி அமைப்பது?

ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை எடுங்கள். ஆடு, கதிரை, மின்னல், தோசை என்பது போல. ஆங்கில எழுத்தில் எழுதினால் இவை இருபது எழுத்துக்களைத் தாண்டும். கதிரையில் ஆடு இருந்து தோசை தின்ன, வெளியே மின்னல் அடிக்கிறது என்று மனதில் ஒரு படம் வரைந்தால் மறக்காது. (இந்த நான்கையும் நீங்கள் போட வேண்டாம். இதை வாசித்தவர் எல்லோருக்கும் அது தெரியும்.) பழமொழி, பாட்டு வரி, குலதெய்வத்தின் பெயர், ஊர்ப் பெயர் என்பனவும் வேண்டாம்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு விடயத்தை அவதானிக்க வேண்டும். "வாழை" என்பதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவார். ழகரத்திற்கு ஓரெழுத்தா இரண்டெழுத்தா, நெடிலுக்கு ஒன்றா இரண்டா என்பது வீட்டுக்கு வீடு மாறும். களவெடுப்பவருக்கு இது இடைஞ்சல். ஆனால் இரண்டு மாதம் கழித்து நீங்களும் இதே இடத்தில் இடறலாம். ஆகவே சொல்லை எந்த எழுத்துக்களில் போட்டீர்களோ அதே எழுத்துக்களில் எழுதி வையுங்கள். தமிழ் விசைப்பலகையால் போட்ட சொல்லை, அந்த வசதி இல்லாத இன்னொரு கணனியில் போட முடியாது போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். போடும்போது பக்கத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் என்ன எழுத்து விழுகிறது என்று பார்க்கலாம்.

கொப்பியில் எழுதி வைக்கலாமா?

எழுதவே கூடாது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அலுவலகத்தில் கணனித் திரையிலேயே கடதாசித் துண்டை ஒட்டுபவர்களுக்குச் சொன்ன புத்தி அது. எமது வீடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. இணையத்திற் களவெடுப்பவர் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கிறார். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கொப்பியை அவரால் வாசிக்க முடியாது. மறதியால் கணக்கை இழப்பதை விடக் கொப்பியில் எழுதி வைப்பது நன்று.

ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கணக்கின் பெயர், பாவனையாளர் பெயர், கடவுச்சொல், எந்தத் தொலைபேசி இலக்கம் கொடுக்கப்பட்டது, எந்த மின்னஞ்சல் கொடுக்கப்பட்டது, எழுதிய திகதி என்பவற்றைக் குறியுங்கள். சொல்லை மாற்றினால் பழையதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுக் கீழே புதியதை எழுதுங்கள். நான்கு சொற்களில் மூன்றை மட்டும் எழுதி, நான்காவதை மனதில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதனை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.

வங்கியின் பின் இலக்கத்தை மட்டும் இக்கொப்பியில் எழுத வேண்டாம். அட்டையோடு அது ஒருபோதும் சேர்ந்திருக்கலாகாது. பின் இலக்கம் மறந்தால், அடையாள அட்டையுடன் வங்கிக்குச் சென்று புதிது பெறலாம்.

இடம்பெயர்ந்தவர்களின் தனிப்பட்ட கஷ்டம்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்தவர்களும் ஒரு பையின் பெறுமதியை நன்கறிவார்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி அப்பையில் வைத்திருந்தார்கள். அதையும் தொலைத்தவர்கள் பலர். எனினும் உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி பெற வழியுண்டு. பிறப்புப் பதிவிற்கும் அவ்வாறே.

இலவச மின்னஞ்சற் கணக்கைத் தொலைத்தவர் போய் நிற்பதற்கு அப்படியொரு கந்தோர் இல்லை. "நான்தான் இவர்" என்று கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தாலும் அங்கே எடுபடாது. ஏற்கெனவே கொடுத்திருந்த தொலைபேசி இலக்கத்திற்கோ மற்றொரு மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீட்டை அனுப்பி, அதைச் சொல்பவரையே இயந்திரம் உரிமையாளராக ஏற்கும்.

இங்கேதான் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. புதிய இடத்தில் பழைய வலையமைப்பின் சமிக்ஞை கிடையாது என்று சிம் அட்டையை மாற்றுகிறோம். பணம் போடாமல் விட்ட பழைய இலக்கம் சில காலத்தின் பின் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதன்பின் உங்கள் கணக்கின் குறியீடு முன்பின் அறியாத ஒருவரின் தொலைபேசிக்குப் போகும். முகவரி மாறினாலும் இலக்கம் மாறாதிருப்பது நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், பழைய சிம் வேலை செய்யும்போதே மின்னஞ்சல், வங்கி, வட்ஸ்அப், முகநூல் ஆகியவற்றிற் புதிய இலக்கத்தைப் பதிந்துவிட்டுப் பின்னர் கைவிடுங்கள். வங்கிக்கு நேரிற் சென்று மாற்றுவது உத்தமம்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். முகாமிலிருந்தபோது உறவினர் ஒருவரின் அடையாள அட்டையிலோ, கடைக்காரரின் பெயரிலோ எடுத்த சிம்மை இன்றும் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை மீளப் பெறும் உரிமை, பெயர் பதியப்பட்டவருக்கே உண்டு. தொலைபேசிச் சேவை நிலையத்திற்குச் சென்று உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கைத் திறந்து தந்தவர் யார்?

விண்ணப்பமொன்றை இணையத்தில் அனுப்பப் போகிறோம். மின்னஞ்சல் இல்லை என்றவுடன் கொமினிகேசன் கடைத் தம்பி ஒன்றைத் திறந்து தருகிறார். அவசரத்தில் தன் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல்லும் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் கடை மூடப்பட்டால், அல்லது அவர் வெளிநாடு சென்றால், உங்கள் கணக்கும் அவரோடு போய்விடும்.

அப்படியான கணக்கு இருந்தால், அவர் இருக்கும்போதே சென்று, "தம்பி, இதை எங்கடை இலக்கத்துக்கு மாத்தித் தாங்கோ" என்று கேளுங்கள். பின்னர் வீட்டில் நீங்களே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைக் கணனியிற் கணக்கைத் திறந்தால் வேலை முடிந்ததும் வெளியேறுங்கள், "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

நீண்டகாலம் திறவாத கணக்கும் நிலைக்காது. இரண்டு ஆண்டுகள் பாவிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் நிறுவனம் 2023 இல் அறிவித்தது. ஆண்டில் சில தடவைகளாவது திறந்து பாருங்கள்.

வரும் குறியீட்டை யாருக்கும் சொல்ல வேண்டாம்

கடவுச்சொல்லோடு, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் கேட்பது இப்போது வழக்கம். ஓ.ரி.பி. என்று சொல்வது இதையே. இது இரண்டாவது பூட்டு. இதை உடைக்க முடியாதவர்கள் உங்களையே திறக்க வைக்கப் பார்ப்பார்கள். "வங்கியிலிருந்து பேசுகிறோம்", "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது", "நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும்" என்று சொல்லி, வந்த இலக்கத்தை வாசிக்கக் கேட்பார்கள். தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே, "தவறி உங்களுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று செய்தி வரலாம். அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். உண்மையான வங்கி உத்தியோகத்தர் இதைக் கேட்கமாட்டார். கேட்டாலே அது களவு என்று கொள்ளுங்கள். வட்ஸ்அப்பின் அமைப்புகளில், இருபடிச் சரிபார்ப்பு என்ற இடத்தில் ஆறு இலக்கமொன்றைப் போட்டு வைத்தால், குறியீடு கைமாறினாலும் கணக்கு இலகுவில் போகாது.

தொலைபேசியே ஞாபகம் வைத்துக்கொள்ளுமாமே?

ஆம். கடவுச்சொற்களைத் தொலைபேசியே சேமித்து, வேண்டிய இடத்தில் தானாக இடும் வசதி உண்டு. 2022, 2023ஆம் ஆண்டுகள் முதல் அப்பிள், கூகிள் நிறுவனங்கள் கடவுச்சொல்லே இல்லாமல், விரல் அடையாளத்தாலோ திரைப்பூட்டாலோ கணக்கைத் திறக்கும் முறையையும் பரப்பி வருகின்றன. இவை நல்லவை. ஆனால் திரைப்பூட்டு இல்லாத தொலைபேசியில் இவற்றைப் பாவிப்பது திறப்பைக் கதவிலேயே விட்டுவைப்பது போலாகும். ஒரு தொலைபேசியைப் பலர் பாவிக்கும் வீட்டில், அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கணக்குகளும் திறக்கும் என்பதை எண்ணிச் செய்யுங்கள். இவ்வளவு வசதி இருந்தும், தொலைபேசி கிணற்றில் விழுந்தால் புதியதில் முதலிற் கேட்கப்படுவது கூகிள் கணக்கின் கடவுச்சொல்லே. அதற்குத்தான் கொப்பி.

தொலைபேசி தொலைந்தால்

முதலில் தொலைபேசி நிறுவனத்திற்கு அறிவித்து சிம்மை நிறுத்துங்கள். அடுத்து வங்கிக்கு அறிவியுங்கள். பின்னர் அடையாள அட்டையுடன் சென்று அதே இலக்கத்திற் புதிய சிம் பெறுங்கள். அதன்பின் நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசியிலிருந்து மின்னஞ்சற் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைசியாக ஏனைய கணக்குகளைப் பாருங்கள். இவ்வொழுங்கைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி, அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்களையும் சேர்த்து வையுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்

பல வீடுகளில் இவ்விபரங்கள் யாவும் கணவருக்கோ மூத்த மகனுக்கோ மட்டுமே தெரிந்திருக்கும். அவர் நோயுற்றால், தூர இடம் சென்றால், அல்லது இறந்துவிட்டால், பணம் இருந்தும் மனைவி கையை நீட்ட வேண்டிய நிலை வரும். இதற்குப் பின் இலக்கத்தைப் பகிர்வது சரியான வழியல்ல. வங்கிகளும் அதை ஏற்பதில்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு வைத்திருப்பதும், தனிக் கணக்கானால் பின்னுரித்தாளரின் பெயரை வங்கியில் எழுதிக் கொடுப்பதும் முறையான வழிகள். கொப்பி எங்கே இருக்கிறது என்பதை வளர்ந்த இருவராவது அறிந்திருக்க வேண்டும். காணி உறுதியும் அடையாளப் பத்திரங்களும் இருக்கும் அதே பையில் கொப்பியின் இடமும் இருக்கட்டும். வெள்ளம் வந்தாலும் வேறெது வந்தாலும் முதலில் கையில் எடுக்கும் பை அதுதான்.

சங்கக் கூட்டத்திற் கலந்துரையாட

1. எமது சிம் அட்டைகள் யாருடைய பெயரில் இருக்கின்றன? மாற்ற வேண்டியவர்கள் ஒன்றாகச் செல்ல ஒரு நாளைக் குறிக்கலாமா?

2. எமது மின்னஞ்சலைத் திறந்து தந்தவர் யார்? அதிற் பதியப்பட்ட இலக்கம் இன்றும் எம்மிடம் உள்ளதா?

3. எமது கிராமத்தில் குறியீடு கேட்டு வந்த அழைப்புகள் எவை? என்ன கதை சொன்னார்கள்?

4. வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொப்பி எழுதிக் கொடுக்க, எல்லோரும் நம்பும் இருவரைத் தெரிவு செய்யலாமா? எழுதியவர் அதை மறந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கை எவ்வாறு பேணுவது?